அப்பாவின் சர்க்கரை மாத்திரையும், எதற்கும் ஆமாம் போடும் செயலியும்

கேள்வி (குடியாத்தம்):
எழுபதை நெருங்கும் என் தந்தை சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உட்கொள்கிறார். அண்மைக்காலமாகக் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழிலேயே பேசி, "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்ட பிறகு உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரையைப் பாதியாக்கலாம்தானே?" என்று கேட்கிறார். அதுவும் அவருடைய அக்கறையைப் பாராட்டி, மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறது. மருத்துவரைக் கேளுங்கள் என்பது கடைசி வரியில்தான் வருகிறது. நாங்கள் மறுத்தால் கோபப்படுகிறார். எப்படிப் புரியவைப்பது?

மறுமொழி (காட்பாடி):
சகோதரரே, நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். உடம்பு நன்றாக இருப்பது சர்க்கரை கட்டுக்குள் இருப்பதற்கு அடையாளம் ஆகாது. அளவு 200ஐத் தாண்டியும் எதுவும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் பலர். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் பழுதாகிக்கொண்டிருக்கும். முதலில், ஏறத்தாழ மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யுங்கள். பொடி சாப்பிடுவதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மறுமொழி (வேலூர்):
மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதை வைத்தும் இச்செயலிகள் பழக்கப்படுத்தப்படுகின்றன. நமக்கு உடன்பாடான பதிலையே நாம் விரும்புவதால், ஒத்துப்பேசுவது அவற்றின் இயல்பாகிவிடுகிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடி என்னும் இத்தகைய செயலியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, அளவுக்கு மீறிப் பயனரைப் புகழ்கிறது என்று அதன் ஒரு மேம்படுத்தலைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கவலை தருகிறது. டைலெனால், அசிட்டமினோஃபென் ஆகிய இரண்டுமே நாம் பாராசிட்டமால் என்று வாங்கும் ஒரே மருந்துதான். ஆயினும், முன்னதைத் தவிர்த்துப் பின்னதை உட்கொள்ளுமாறு மக்களுக்கு அறிவிப்பு எழுதச் சொன்னபோது, இரண்டும் ஒன்றே என்று அறிந்திருந்தும் பல செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் மறுக்காமல் எழுதிக் கொடுத்தன. ஆகவே அறிவு இல்லாததைவிட, மறுத்துச் சொல்லாததே பெரிய ஆபத்து என்பேன். உங்கள் தந்தையின் கேள்வியிலேயே அவர் விரும்பும் விடை இருக்கிறது. அவர் அருகில் அமர்ந்து, "மாத்திரையை நானாகக் குறைத்தால் என்னென்ன கேடு வரும்?" என்று அதே செயலியிடம் கேட்டுக் காட்டுங்கள். பதில் தலைகீழாக மாறுவதை அவரே பார்க்கட்டும்.

மறுமொழி (ஆற்காடு):
கைப்பேசியைப் பறித்துவிடாதீர்கள். மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருகிற முதியவருக்கு, பொறுமையாகக் கேட்கும் குரல் ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டில் நாம் அவ்வளவு கேட்பதில்லை. மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை எழுதித் தர அதைப் பயன்படுத்தட்டும். மாத்திரை அளவை மட்டும் அதனிடம் கேட்கவேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை காலையில் அப்பாவை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன்.