போர்ஷே 550 ஸ்பைடரைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்

நேரில் பார்த்த பழைய கார்களைப் பற்றி இங்கே எழுதிவருகிறோம்; ஃபெராரி, ஜாகுவார் என்று பெரிய வண்டிகளைப் பார்த்த கதைகளையே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். என் பங்குக்கு ஒரு சின்ன வண்டி.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் பழைய கார்கள் கூடும் நிகழ்ச்சி ஒன்றில், 1950களின் பந்தயக் காரான போர்ஷே 550 ஸ்பைடர் நின்றிருந்தது. கூரை கிடையாது, உயரம் என் இடுப்பளவுதான். எடை சுமார் 550 கிலோ. நம் மாருதி 800 இதைவிடக் கனம்!

கூட வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்தார். டிக்கி மூடி மாதிரி இல்லை, வண்டியின் பின்பாதியே மேலே எழும்பியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. சாதாரணச் சாலைகளில் ஓட்டுவதற்காக போர்ஷே விற்ற 356 என்ற காரில் இன்ஜின், பின் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கும் பின்னால் தொங்கும். இதில் அச்சுக்கு முன்னால், ஓட்டுபவரின் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கனமெல்லாம் நடுவில் இருப்பதால் வளைவில் வண்டி சட்டென்று திரும்பும்.

இன்ஜின் போர்ஷே பொறியாளர் எர்ன்ஸ்ட் ஃபூர்மான் வடிவமைத்தது. 1498 சிசி, நான்கு சிலிண்டர், 110 குதிரைத்திறன். அந்தச் சின்ன இன்ஜினுக்கு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நான்கு! அவற்றைச் சுழற்றச் செயின் இல்லை, தண்டுகளும் பெவல் கியர்கள் என்ற சாய்வான பற்சக்கரங்களும்தான். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு இன்ஜினைப் பூட்டி முடிக்க 120 மணி நேரம் பிடிக்குமாம். கியர் இடைவெளி துளி பிசகினாலும் வால்வுகள் திறந்து மூடும் டைமிங் போய்விடும் என்று அந்த மெக்கானிக் விரல் நுனியில் காட்டினார். அப்புறம் ஸ்டார்ட் செய்தார். முதலில் கரகரவென்று திணறியது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சத்தம் ஒரே வீச்சில் ஏறி நெஞ்சில் அதிர்ந்தது. சூடான எண்ணெய் வாசனை வெகுநேரம் அங்கேயே நின்றது.

இந்த வண்டி என்றதும் 1955இல் இதில் போய் விபத்தில் இறந்த நடிகர் ஜேம்ஸ் டீனைத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது வருத்தம். சொல்ல வேண்டிய கதை 1954 மில்லே மிலியா. இத்தாலியின் பொதுச்சாலைகளில் நடந்த அந்தப் பந்தயத்தில், ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருக்க, ரயிலும் வந்துகொண்டிருக்க, 550ஐ ஓட்டிய ஹான்ஸ் ஹெர்மானால் பிரேக் பிடித்து நிறுத்த முடியாத வேகம். பக்கத்தில் இருந்த துணை ஓட்டுநர் ஹெர்பர்ட் லிங்கேயின் ஹெல்மெட்டில் தட்டிக் குனியச் சொல்லி, தானும் குனிந்து, கேட்டுக்கு அடியிலேயே வண்டியை விட்டுவிட்டார். அந்தப் பந்தயத்தில், இன்ஜின் அளவை வைத்துப் பிரித்த தங்கள் பிரிவில் ஜெயித்தும் விட்டார்கள். வண்டி இன்னும் ஒரு சாண் உயரமாக இருந்திருந்தால்?

இரண்டு வருடம் கழித்து, 550ஏ என்ற அடுத்த வடிவத்தில், சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை உம்பெர்ட்டோ மாலியோலி என்ற ஓட்டுநர் வென்றார். பிரிவு வெற்றி இல்லை, ஒட்டுமொத்த முதலிடம். இரண்டாவதாக வந்தது இரண்டு மடங்கு பெரிய, 3 லிட்டர் இன்ஜின் கொண்ட மசெராட்டி கார்! பெரிய இன்ஜின்தான் ஜெயிக்கும் என்று வாதாடும் நண்பர்களுக்கு நான் காட்டுவது இந்த முடிவைத்தான்.

ஸ்டுட்கார்ட் போகிறவர்கள் சுஃபன்ஹவுசனில் இருக்கும் போர்ஷே மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். வண்டிகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். 550 இருந்தால் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்னால் போய் இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.