டைரியன் பர்ப்பிளுக்குத் தமிழில் என்ன சொல்?

காரைக்குடி:
அனைவருக்கும் வணக்கம். ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டைரியன் பர்ப்பிள் என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டைர் நகரத்துக் கடல்நத்தையின் சுரப்பியிலிருந்து எடுத்த சாயம் அது. 1909இல் வேதியியலாளர் பிரீட்லெண்டர் 12,000 நத்தைகளை அறுத்தும் 1.4 கிராம்தான் தேறியது. ரோமில் அரசகுலத்து நிறமானதில் வியப்பென்ன? 'சங்கூதா' எனலாமா?

தேவகோட்டை:
ஐயா, பாடத்துக்கே சங்கு ஊதிவிடாதீர்கள். 'சங்கு ஊதா' என்று பிரித்தால் எதிர்மறை வினைமுற்று! ஊதாவும் உருதுவிலிருந்து வந்தது. தமிழ் லெக்சிகன் அகராதியைப் பாருங்கள். 'துவர்ச்சாயம்' என் முன்மொழிவு; துவர் என்றால் சிவப்பு. தேவாரத்திலேயே துவராடை உண்டு.

கானாடுகாத்தான்:
விவிலியத்தில் 'இரத்தாம்பரம்' என்றே இருக்கிறதே? அதில் வரும் லீதியாள் என்ற வணிகப் பெண் விற்றது அதைத்தானே?

தேவகோட்டை:
அம்பரம் ஆடை, சாயமில்லை. இரண்டு பாதியும் வடசொல் வேறு.

பள்ளத்தூர்:
துவராடை உடுத்தியவர்கள் புத்தத் துறவிகள் ஐயா. ரோமப் பேரரசர் டயோக்ளீசியனின் கி.பி. 301ஆம் ஆண்டு விலை ஆணைப்படி இந்தச் சாயம் ஏற்றிய பட்டு ஒரு பவுண்டு எடைக்கு 1,50,000 தினாரியஸ் என்னும் ரோம நாணயம். எந்தத் துறவி கட்டுவார்? உறைந்த குருதி நிறமே உயர்ந்தது என்கிறார் பண்டை ரோம எழுத்தாளர் பிளினி. என் அப்பத்தாவின் கண்டாங்கியில் அந்தக் கருஞ்சிவப்பு இருக்கிறது. மடிப்பில் கறுப்பாகத் தெரியும், வெயிலில் பிரித்தால் சிவக்கும். எங்கள் வீட்டில் அதற்கு அரக்கு என்று பெயர். 'சங்கரக்கு' போதுமே.

கானாடுகாத்தான்:
ஆச்சி, அரக்கே பூச்சி தருவது. நத்தையையும் பூச்சியையும் ஒரே சொல்லில் கட்டினால் தேர்வுத்தாளில் மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? வேதியியல்படி இது அவுரி நீலத்தில் இரண்டு புரோமின் அணு ஏறியது. 'புரோமவுரி'?

பள்ளத்தூர்:
இருமல் மருந்து மாதிரி இருக்கிறது.

காரைக்குடி:
நாளை வெள்ளி. சுரப்பிநீர் எடுத்தபோது நிறமே இல்லாமல் இருந்து, வெயில் பட்டு மஞ்சள், பச்சை, நீலம் எனத் திரிந்து கடைசியில்தான் செந்நீலமாகும் என்பதையும் ஒரு பத்தியில் எழுதியாக வேண்டும். சங்குச்சாயம் என்று போட்டு, பக்கத்தில் டைரியன் பர்ப்பிள் என்றும் தமிழெழுத்தில் கொடுத்துவிடுகிறேன். மறுப்பு உண்டா?

பள்ளத்தூர்:
சரி.

கானாடுகாத்தான்:
நத்தைச்சாயம் என்றால் இன்னும் நேராக இருக்கும். இருந்தாலும் சரி.

தேவகோட்டை:
எனக்குச் சம்மதமில்லை. சங்குக்குப் பூசும் சாயம் என்று நான்காம் வேற்றுமையாக விரிக்கவும் இடமிருக்கிறதே?