பாண்ட் படத்தில் சிரிப்பு எவ்வளவு இருக்கலாம்?

திருமங்கலத்துப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவில் தொடங்கி நானும் அப்பாவும் ஜேம்ஸ் பாண்ட் படங்களை 1962 'டாக்டர் நோ'விலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறோம். 2021 வரை மொத்தம் 25 படங்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இப்போது 1979 'மூன்ரேக்கர்' முடிந்திருக்கிறது, வீட்டில் வாக்குவாதம் தொடங்கியிருக்கிறது. அப்பா மதுரை ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு பாண்ட் என்றால் ரோஜர் மூர்தான். நான் டேனியல் கிரெய்க்கின் 'கேசினோ ராயல்' பார்த்து உள்ளே வந்தவன்.

'மூன்ரேக்கர்' படத்தில், வெனிஸில் பாண்டின் படகு தண்ணீரை விட்டுத் தரையேறி சதுக்கத்துக்குள் ஓடுகிறது, அதை ஒரு புறா திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் புறாவோடு எனக்குப் படம் விட்டுப்போயிற்று. அதன்பின் விண்வெளிக்கே போய்ச் சண்டை போட்டாலும் பாண்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதைப்பு வரவே இல்லை. ஆனால் 1963 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் ரயில் பெட்டிக்குள் நடக்கும் சண்டையில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், இத்தனைக்கும் பாண்டாக வரும் ஷான் கானரியும் அந்தப் படத்தில் கிண்டல் பேசுகிறவர்தான். அப்படியென்றால் சிரிப்பின் மேல் குற்றமில்லை. வேறு எதன் மேல்? இதைத்தான் கேட்க வந்தேன்.

மேலமாசி வீதி:

தம்பி, பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கிண்டல் செய்வது பாண்டா, இல்லை படமே பாண்டைக் கிண்டல் செய்கிறதா என்று பாருங்கள். கொலைகாரனைச் சமாளித்துவிட்டு பாண்ட் ஒரு வரி சொன்னால் அது அந்த மனுஷன் பயத்தை விழுங்கும் விதம். புறா அவர் ஆள் இல்லையே! அது எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து செய்த வேலை.

இதைவிட எனக்கு மனசு வலித்தது 1974 'தி மேன் வித் தி கோல்டன் கன்'. தாய்லாந்தில் உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் காற்றிலேயே முழுச்சுற்று சுழன்று அக்கரையில் நான்கு சக்கரத்தில் இறங்கும். முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, உண்மையான காரை வைத்து, ஒரே டேக்கில் எடுத்தது. அந்த ஓட்டுநர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியத்தின் மேல் பொம்மை ஊதலைப் போல 'ஊய்ய்ங்' என்று ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டார்கள். தியேட்டர் வாயைப் பிளந்து பார்க்க வேண்டிய இடம் அது. இதைச் சர்க்கஸ் வேடிக்கையாகப் பாருங்கள் என்று படமே சொல்லிவிட்டால் நாம் எதற்குப் பதற வேண்டும்?

உசிலம்பட்டி வாசகி:

அண்ணன் சொன்னது சரி. ஆனால் சர்க்கஸ் வேடிக்கை என்று அதை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் போட்டால் முதலில் பபூன் வருவார். பாட்டு, டான்ஸுக்காரம்மாவோடு வழக்கு, இரட்டை அர்த்தம் எல்லாம் நடந்து கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கதாநாயகனான ராஜபார்ட் மேடைக்கு வருவார். நான் பார்த்தவரை அரிச்சந்திர மயான காண்டத்தில் சந்திரமதி செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும்போது பபூன் மேடைப் பக்கம் தலைகாட்டியதில்லை. பத்து மணிக்கு விழுந்து விழுந்து சிரித்த அதே பாட்டிகள் மூன்று மணிக்கு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பும் அழுகையும் ஒரே ராத்திரிக்குள் இருக்கலாம், எது எப்போது விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதை பாண்ட் படத்தில் மிக அழகாகச் செய்தது, நம்பினால் நம்புங்கள், 1983 'ஆக்டோபஸி'. உதய்ப்பூரில் எடுத்த படம், நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் ராக்கெட்டால் ஆட்களை அடிக்கும் படம், மூர் புலியைப் பார்த்து உட்காரச் சொல்லும் படம். காட்டுக்குள் கொடியில் தொங்கிப் போகும்போது டார்ஜான் கத்தல்கூட உண்டு, அது எனக்கும் பிடிக்காது. ஆனால் டைட்டில் முடிந்ததும் அந்தப் படத்தின் கதை எப்படித் தொடங்குகிறது? இன்னொரு உளவாளி 009 சர்க்கஸ் கோமாளி உடுப்பில் உயிருக்கு ஓடுகிறார், செத்தும் போகிறார். கடைசியில் அமெரிக்க விமானத் தளத்தில் சர்க்கஸ் நடக்கிறது, உள்ளே அணுகுண்டு, பாண்டும் கோமாளி மேக்கப் போட்டுக்கொண்டுதான் நுழைகிறார். குண்டு இருக்கிறது என்று கெஞ்சுகிறார், கூட்டம் சிரிக்கிறது. ராஜபார்ட்டே பபூன் வேஷத்தில் நின்று உண்மையைச் சொல்கிறார், ஒருத்தரும் நம்பவில்லை. வெள்ளைச் சாயமும் சிவப்பு மூக்கும் இருக்கும் அந்த முகத்தில் மூர் ஒரு துளிகூடச் சிரிக்கமாட்டார். முதல் கோமாளி செத்ததை நாம் பார்த்திருப்பதால் நமக்கும் சிரிப்பு வராது. மூருக்கு விளையாட்டு மட்டும்தான் தெரியும் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதற்கு இந்தக் காட்சிதான் காரணம்.

(தம்பி இன்னும் அந்தப் படத்துக்கு வரவில்லை என்பது இதை எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. மன்னிக்கவும்.)

வைகை வடகரை:

எல்லோரும் சிரிப்பையே விசாரிக்கிறீர்கள், சீரியஸையும் கொஞ்சம் விசாரியுங்கள். 2002 'டை அனதர் டே'யில் பாண்டை வட கொரியச் சிறையில் 14 மாதம் போட்டு வதைக்கிறார்கள், தாடியும் முடியுமாக வெளியே வருகிறார். அப்பா, இனி வேறு படம் என்று நிமிர்ந்தால், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாத கார் வருகிறது. பட்ட வதையின் தடம் அதன்பின் அந்த ஆளிடம் ஏறக்குறைய எங்குமே இல்லை. ஆரம்பத்தில் காட்டிய வேதனையைப் படமே மறந்துவிட்டால் அந்த வேதனையும் ஒரு வித்தைதானே.

அடுத்து 2006 'கேசினோ ராயல்'. நாற்காலியில் கட்டிவைத்து அடிக்கும்போது, அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடு என்கிற மாதிரி கிரெய்க் பேசுவார். வலி உச்சத்தில் இருக்கும்போது வரும் கிண்டல் அது. அதனாலேயே வலி கூடுகிறது. ஆனால் அதற்கடுத்த படத்தில் சிரிப்பைத் தேட வேண்டியிருந்தது. ஆயுதம் தருகிற க்யூ அந்த இரண்டு படத்திலும் கிடையாது, 2012 'ஸ்கைஃபால்'லில்தான் திரும்பி வந்தார். பழைய க்யூ டெஸ்மண்ட் லெவலின் 17 படத்தில் வந்தவர், வேலை விஷயத்தில் ஒருநாளும் விளையாடாதவர். அவர் சீரியஸாக இருந்ததால்தான் பாண்டின் குறும்பு எடுபட்டது. பக்கத்தில் முறைக்க ஒரு ஆள் இல்லாமல் யார் குறும்பு செய்தாலும் அது ருசிக்காது.

திருமங்கலத்துப் பையன்:

அனைவருக்கும் நன்றி. கதை தெரிந்ததில் வருத்தமில்லை அக்கா, அப்பா ஏற்கெனவே பாதிக்கு மேல் சொல்லிவிட்டார்.

நேற்று 1981 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' பார்த்தோம். மனைவியின் கல்லறையில் பூ வைப்பதில் தொடங்குகிறது, 1969 படத்தின் கடைசியில் கல்யாணமான அன்றே கொல்லப்பட்ட டிரேசி. அப்பா அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாறு நிமிஷத்தில் சக்கர நாற்காலி வில்லனை ஹெலிகாப்டரால் தூக்கி ஆலைப் புகைபோக்கிக்குள் போடுகிறார்கள், சிரிப்புக் காட்சி. எனக்குக் கல்லறை வீணாகிவிட்டது போல் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு இடம், மலை விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் காரை, உள்ளே கொலைகாரன் இருக்க, மூர் காலால் உதைத்துத் தள்ளுகிறார். நான் கைதட்டினேன். அப்பா மட்டும் 'மூர் இப்படிச் செய்யமாட்டாரே' என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலமாசி வீதி:

உங்கள் அப்பா சொன்னதைத்தான் மூரும் சொன்னார் தம்பி. அந்த உதை தன்னுடைய பாண்டுக்குப் பொருந்தாது என்று அவருக்கே தயக்கம் இருந்தது. இயக்குநர் ஜான் க்ளென்தான் விடவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

திருமங்கலத்துப் பையன்:

சொல்லிவிட்டேன் அண்ணே. இன்றைக்கு 'ஆக்டோபஸி' போடுகிறோம். அந்தக் கோமாளி காட்சி வரும்போது மட்டும் இருவரும் பேசக்கூடாது என்று முடிவு.