தம்பிக்குக் கெரட்டோகோனஸ், சி3ஆர் செய்யலாமா?

மதுரைப்பெண்:
தம்பிக்கு 19 வயது. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது, சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறது. சின்ன வயதிலிருந்தே அலர்ஜி, எப்போதும் கண்ணைக் கசக்குவான். போன வாரம் கருவிழியின் வடிவத்தையும் தடிமனையும் அளக்கும் பென்டாகேம் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கெரட்டோகோனஸ் என்றார்கள். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறதாம். மிக மெல்லிய இடம் 468 மைக்ரான். சி3ஆர் என்ற சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். "செய்தாலும் கண்ணாடி போகாதாமே, அப்புறம் எதற்கு?" என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கூம்புவிழி34:
சகோதரி, எனக்கும் இதேதான், இரண்டு கண்ணிலும். அம்மா கேட்பது நியாயம். சி3ஆர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டுவார்கள். கருவிழியின் கொலாஜன் இழைகள் இறுகும். வழக்கமான முறையில் மேல்தோலை எடுத்த பிறகும் 400 மைக்ரான் மிஞ்ச வேண்டும். மேல்தோல் சுமார் 50. தம்பிக்கு இன்று கணக்கு சரியாக வருகிறது, அடுத்த வருடம் வருமா?

நான் தள்ளிப்போட்டவன். 21 வயதில் சொன்னார்கள், வேலை கிடைக்கட்டும் என்று இரண்டு வருடம் விட்டேன். இன்று வலது கண்ணால் மட்டும் பௌர்ணமி நிலாவைப் பார்த்தால், ஒன்றின்மேல் ஒன்று சரிந்த ஐந்தாறு நிலா. பஸ் போர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதே எழுத்து நிழலாய்த் தொங்கும். கருவிழியின் மேடுபள்ளம் ஒழுங்கில்லாததால் கண்ணாடிக்கு அது அடங்குவதில்லை.

இப்போது ஸ்கிலீரல் லென்ஸ் போடுகிறேன், விழியின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ். காலையில் மேசைமேல் முகக்கண்ணாடியைப் படுக்க வைப்பேன். சின்ன ரப்பர் பிடியில் லென்ஸை உட்காரவைத்து, சலைன் விளிம்பில் ததும்ப நிரப்பி, குனிந்து கண்ணை அதன்மேல் இறக்க வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. சரியாக உட்கார்ந்தால் அந்தச் சலைனே மேடுபள்ளத்தை நிரவிவிடும்; எதிர்ச்சுவர் காலண்டரில் ராகு கால நேரத்தைக்கூடப் படிப்பேன்.

சி3ஆர் முடிந்து முதல் சில நாள் வலியும் வெளிச்சத்தில் கண் கூச்சமும் இருக்கும். லீவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்பரிசோதகர்:
கசக்குவதை நிறுத்தியே ஆக வேண்டும். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கேளுங்கள். கண்ணாடி போகும் என்று யார் சொன்னாலும் லேசிக் லேசர் ஆபரேஷன் வேண்டாம், மெலிந்த கருவிழியை அது இன்னும் செதுக்கும். கூடப்பிறந்தவர் என்பதால் நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மதுரைப்பெண்:
நன்றி அண்ணா. நிலா பற்றி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த தம்பி, "எனக்கு மூணு தெரியும்" என்றான். இதுவரை வீட்டில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. அம்மா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தேதி வாங்கப் போகிறோம், எனக்கும் அன்றைக்கே ஸ்கேன்.