மறு: கிட்டார் ‘ஸ்ட்ரிங் கேஜ்’ – கையேட்டுக்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம். ‘கேஜ்’ என்பது கிட்டார் கம்பியின் தடிப்பு. உறையில் அதை லைட், மீடியம், ஹெவி என்று போடுகிறார்கள். நம் கையேட்டில் இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> லைட், மீடியம், ஹெவி மூன்றுக்கும் மென்கம்பி, நடுக்கம்பி, வன்கம்பி என்று வைத்துவிடலாமா? கையேடு புதிதாகக் கற்பவர்களுக்கு. எளிதாக இருக்கட்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ‘மென்கம்பி’ வேண்டாம் என்பது என் கட்சி. அண்ணா சாலையில் இசைக்கருவிக் கடைக்குள் போய் “கிட்டாருக்கு ஸ்ட்ரிங்ஸ் வேணும்” என்று சொல்லிப் பாருங்கள். “நைலானா, ஸ்டீலா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நம் கையேட்டில் ‘மென்கம்பி’ என்று படித்துவிட்டுப் போன பெண் நைலானைத்தான் கைகாட்டுவாள். விரலுக்கு மெத்தென்று இருப்பது அதுதானே. உறைமேல் ‘லைட்’ என்று அச்சடித்திருப்பதோ எஃகுக் கம்பி எவ்வளவு மெல்லிசு என்பதைப் பற்றியது. அதிலும் ஒழுங்கில்லை. அக்கூஸ்டிக்கில் (மின்சாரம் இல்லாத கிட்டாரில்) முதல் கம்பி, அதாவது இருப்பதிலேயே மெல்லியது, 12 என்ற எண்ணில் தொடங்கும் செட்டை லைட் என்பார்கள். எலெக்ட்ரிக்கில் 10இல் தொடங்குவது லைட். ஆளுக்கொரு கணக்காக இருக்கும் பெயரை மொழிபெயர்த்து என்ன பயன்? எண்ணை எழுதிவிடுவோம்.

> அப்படியானால் கேஜ் என்றே விட்டுவிடலாமே. எலெக்ட்ரீஷியன்கள்கூட அதைத்தான் சொல்கிறார்கள்.

அதனால்தான் கூடாது, ஐயா. மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேஜைவிட 30 கேஜ் ஒல்லி. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். கிட்டாரில் நேர்மாறு. 10 என்றால் முதல் கம்பியின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். 12 அதைவிடத் தடிப்பு. ‘பருமன்’ என்று வைத்தால் எண்ணும் சொல்லும் ஒரே திசையில் போகும்: பருமன் 10, பருமன் 11, பருமன் 12. ‘தடிமன்’ என்றாலும் பொருள் சரிதான். ஈழத்து நண்பர்களுக்கு அது சளி என்பதால் ஒதுக்கினேன்.

கையேட்டில் பருமனுக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆகவேண்டும். 10க்கும் 12க்கும் வித்தியாசம் தலைமுடி அளவுகூட இல்லை, ஆனால் விரல் கண்டுபிடித்துவிடும். ஒரே சுருதிக்கு முறுக்கும்போது இழுவிசை குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆக, 12 பருமன் முதல் கம்பி 10ஐவிட 44 விழுக்காடு கூடுதலாக இழுக்கும். நுனிவிரல் காய்த்துப்போகாத ஆளுக்கு அக்கூஸ்டிக்கில் 10 அல்லது 11 என்று நான் சொல்வது இதனால்தான். ஒலி கொஞ்சம் சன்னமாகும். முதல் சில மாதத்தில் அது ஒரு குறையா?

> சங்கப் பாடல்களில் யாழுக்கு நரம்பு. வீணைக்குத் தந்தி. கம்பி என்றாலே கம்பி எண்ணுவதுதான் நினைவுக்கு வருகிறது. நரம்பு என்பதையே எல்லாவற்றுக்கும் வைப்போம்.

கம்பி நீட்டுவதை விட்டுவிட்டீர்களே! மூன்று சொல் கையில் இருக்கும்போது இரண்டை ஏன் தூக்கி எறிய வேண்டும், அம்மா? வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்போம். பொதுப்பெயர் தந்தி (தந்திச் சேவையை 2013இலேயே மூடிவிட்டார்கள், இனிக் குழப்பமில்லை). எஃகு என்றால் கம்பி. கடைப் பையன்கூட அப்படித்தான் சொல்கிறான். நைலான் என்றால் நரம்பு. கிளாசிக்கல் கிட்டாருக்கு 1940களில் நைலான் வரும்வரை விலங்குக் குடலைத் திரித்துத்தான் கட்டினார்கள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் நைலான். நரம்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

இதனால் கற்பவருக்கும் லாபம் உண்டு. கம்பியைப் பருமன் பார்த்து வாங்குகிறோம். நைலான் உறையிலோ ‘நார்மல் டென்ஷன்’, ‘ஹார்ட் டென்ஷன்’ என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். ஆகவே கம்பிக்குப் பருமன், நரம்புக்கு இழுவிசை. மாற்றி மாட்டினால் கிட்டாருக்கே கேடு. நரம்பு ஆறும் சேர்ந்து 40 கிலோ அளவுக்கு இழுக்கும். பருமன் 12 கம்பி செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் கம்பியை மாட்டினால் குதிரை (தந்திகளைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை) பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். குதிரையைப் பார்த்தே கருவியை அடையாளம் காணலாம்: தந்தியை முடிச்சுப் போட்டிருந்தால் நரம்புக் கிட்டார், ஆறு முளை அடித்திருந்தால் பெரும்பாலும் கம்பிக் கிட்டார். (பிரிட்ஜுக்கு வீணைக்காரர்கள் சொல்லும் குதிரையையே எடுத்துக்கொண்டேன். பாலம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.)

> நைலான் செட்டிலும் தடித்த மூன்று உலோகமாகத்தானே இருக்கின்றன? அவையும் நரம்பா?

நரம்புதான். வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் நைலான் இழை, மேலே வெள்ளி முலாம் பூசிய செம்புச் சுற்று. ‘சுற்றுநரம்பு’ எனலாம். அக்கூஸ்டிக் செட்டில் தடித்த நான்கு ‘சுற்றுக்கம்பி’, மற்ற இரண்டு ‘வெறுங்கம்பி’.

சுற்றின் உலோகத்தில் ஒரு வம்பு இருக்கிறது. உறையில் ‘80/20 பிரான்ஸ்’ என்று இருக்கும். அது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்; எந்தப் பாத்திரக்கடையில் கேட்டாலும் பித்தளை என்பார்கள். ‘பாஸ்பர் பிரான்ஸ்’தான் வெள்ளீயம் கலந்த உண்மையான வெண்கலம். ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயர்க் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? முன்னதைப் பித்தளைச் சுற்று என்றும் பின்னதை வெண்கலச் சுற்று என்றும் எழுதி, உறைப் பெயரைப் பக்கத்திலேயே கொடுத்துவிடலாம். பித்தளை ஒலி பளிச்சென்றிருக்கும், வெண்கலம் சற்றுக் கதகதப்பு.

கோட்டிங்குக்கு ‘மேற்பூச்சு’ போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்பூச்சுள்ள செட்டைப் பரிந்துரைக்கலாம், விலை கூடினாலும். உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து வெறுஞ்செட்டைச் சீக்கிரமே கறுக்க வைத்துவிடுகின்றன.

‘பால் எண்டு’க்குத்தான் (கம்பியின் ஒரு நுனியில் இருக்கும் சின்ன உலோகக் குண்டு) எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘குண்டுமுனை’ என்று எழுதிப் பார்த்தேன், வெடிகுண்டு மாதிரி இருக்கிறது. ‘மணிமுனை’ எப்படி? வீணை செய்பவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கையேட்டை அச்சுக்குக் கொடுக்கிறோம்.