கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லை: எஸ்ஏடி பதிவுக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், அமெரிக்காவில் இளங்கலை படிக்க விரும்பி எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் இத்தேர்வை மாணவர் விருப்பத்துக்கு விட்டிருந்தாலும், எம்ஐடி 2022-இலும் ஹார்வர்டு 2024-இலும் அதை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்துவிட்டன. கலிபோர்னியாவின் யூசி பல்கலைக்கழகங்களோ மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. எதற்கும் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

இடறுவது பெயரில்தான். பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. கடவுச்சீட்டில் அவள் பெயரும் என் பெயரும் சேர்ந்து 'கிவன் நேம்' வரியில் இருக்க, 'சர்நேம்' வரி காலியாக உள்ளது. பள்ளிச் சான்றிதழிலோ தலைப்பெழுத்து மட்டுமே. (நம் ஊர் வழக்கம் எந்தப் படிவத்துக்கும் அடங்குவதில்லை.) அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், பணம் கட்டாமல் தயங்கி நிற்கிறோம்.

இதே நிலையில் இருந்தவர்கள் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என்ன நிரப்பினீர்கள்? டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும், பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் அப்ளிகேஷன் விண்ணப்பத்துக்கும் அதே வடிவத்தைக் கொடுத்தீர்களா, பின்னர் மதிப்பெண்ணை விண்ணப்பத்துடன் இணைப்பதில் சிக்கல் ஏதும் வந்ததா? கூடவே ஒன்று: கணிதத்தில் அவளுக்குக் கவலையில்லை, ஆங்கில வாசிப்பில்தான் நேரம் போதவில்லை, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து எழுதியவர்கள் எவ்வாறு பயிற்சி செய்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.