தாத்தாவின் கோட்டைக் குறிக்கு யூனிகோடில் எந்த எண் கொடுப்பது?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரத்தில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், அவ்வளவுதான். போன மாதம் பரணில் தாத்தாவின் வயல் கணக்கு நோட்டு மூன்று கிடைத்தது. கரையான் விட்டுவைத்ததை டைப் அடித்து, சொந்தக்காரர்களுக்கு நாலு பிரதி போடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. அதற்குத் தாத்தா தானாக ஒரு குறி வைத்திருந்தார்: கோ எழுதி, துணைக்காலைக் கீழே இழுத்து வலப்பக்கம் ஒரு சுழி. காணி, மா, குறுணி, பதக்கு என்ற பழைய அளவுகள் எல்லாமே குறிதான். எல்லாவற்றையும் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் வரையும் மென்பொருளில் வரைந்துவிட்டேன். கோட்டையை மட்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடின் தமிழ் அட்டவணையில் ௺-க்கு அடுத்துக் காலியாகக் கிடந்த கட்டத்தில் வைத்தேன். என் கம்ப்யூட்டரில் ஜம்மென்று வருகிறது. அத்தான் போனுக்கு அனுப்பினால் வெறும் பெட்டி. மற்றவற்றை எங்கே வைக்க? பழைய ஃபான்ட்கள் மாதிரி ஆங்கில எழுத்து மேலேயே உட்கார வைத்துவிடலாமா?

பாளை பழசு:
ஆங்கில எழுத்து மேல் வேண்டவே வேண்டாம், தம்பி. ஃபான்ட் மாறினால் தாத்தா கணக்கு வெறும் ஏபிசிடி ஆகிவிடும். அதில் பட்டது போதும். ௺-க்கு அடுத்த கட்டமும் உங்களுடையது இல்லை. நாளைக்கே யூனிகோடு அங்கே வேறு எழுத்தைக் குடிவைக்கலாம்.

காணி, மா, குறுணி, பதக்குக்கு நீங்கள் இடம் தேடவே வேண்டாம். 2019-இல் வந்த யூனிகோடு 12-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். 320-இல் ஒரு பங்கான முந்திரிதான் முதல் ஆள், யு+11எஃப்சி0. குறுணி யு+11எஃப்டிஏ, பதக்கு அதற்கு அடுத்தது. ஃபான்ட்ஃபோர்ஜில் ஒவ்வொரு குறிக்கும் வரும் கிளிஃப் இன்ஃபோவில் எண்ணை அடியுங்கள். அதற்கு முன் ரீஎன்கோடில் யூனிகோடு ஃபுல் வையுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கட்டங்களே கண்ணில் படாது.

செங்கோட்டைச் சாரல்:
கோட்டைக்குறி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால், அவரவர் சொந்தக் குறிகளுக்கென்று யூனிகோடு விட்டுவைத்திருக்கும் தனிப் பயன்பாட்டுப் பகுதிதான். யு+ஈ000 முதல் யு+எஃப்8எஃப்எஃப் வரை 6,400 இடம். ஈ1, ஈ2, ஈ3 வரிசைகளில் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றம் இருக்கிறது. கடைசி இடத்தில் ஆப்பிள் தன் லோகோவை வைத்திருக்கிறது. ஈ000-லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நானாக இருந்தால் எண்ணே கொடுக்க மாட்டேன். கோட்டை என்று டைப் அடித்தால் குறி வரும்படி லிகேச்சர் போடுவேன். உள்ளே கிடப்பது கோட்டை என்ற சொல்தான். தேடலாம், காப்பி எடுக்கலாம், ஃபான்ட் இல்லாத போனிலும் வாசிக்கலாம்.

அம்பைக்காரன்:
அண்ணாச்சி, லிகேச்சரே போட்டேன். முதலில் க, ோ, ட், ட, ை என்று கொடுத்தேன், அசையவே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் பிடிபட்டது: ோ இரண்டாகப் பிரிந்து ே முன்னால் போய்விடுகிறது, டை-யிலும் ை-தான் முதலில். ே, க, ா, ட், ை, ட என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொடுத்ததும் விழுந்தது.

சந்தோஷத்தில் முன்னுரையைத் திறந்தால், பாளையங்கோட்டை 'பாளையங்' என்று நிற்கிறது, பக்கத்தில் ஒரு நெல் குறி! உங்கள் ஊருக்கும் அதே கதி.

செங்கோட்டைச் சாரல்:
எங்கள் ஊரை நெல்லாக்கிவிட்டீர்களே! அந்த லிகேச்சரை லிகா என்ற ஃபீச்சரில் வைத்திருப்பீர்கள், அது எப்போதும் ஓடும். கேட்டால் மட்டும் ஓடும் எஸ்எஸ்01 என்ற ஸ்டைலிஸ்டிக் செட்டுக்கு மாற்றுங்கள். கணக்குப் பத்திகளில் மட்டும் அதை ஆன் செய்தால் போதும்.

அம்பைக்காரன்:
மாற்றிவிட்டேன், பாளையங்கோட்டை திரும்பி வந்துவிட்டது. பதக்குதான் அத்தான் போனில் இன்னும் பெட்டி. நோட்டோ தமிழ் சப்ளிமென்ட் ஃபான்ட் போட்டால் தெரியுமாம். அத்தானுக்கு அதெல்லாம் ஓடாது, பிடிஎஃப் அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த வருஷம் எங்க வீட்டுக்கு எத்தனை கோட்டை அளந்தாங்க?"